தூக்காதீக சார்

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அறுபதுகளின் கடைசியில் காரைக்குடிக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்திருந்தால் ஒருவரும் வழி காட்டியிருக்க மாட்டார்கள். "தூக்காதீக சார் எங்குட்டு இருக்காரு?" என்று கேட்க வேண்டும். கேட்டால் போதும், வெற்றிலைக் கடைக்காரர் பாதி மடித்த வெற்றிலையோடு எழுந்து வந்து தெருமுனை வரைக்கும் கூட நடப்பார். அதனால் நானும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

அவர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். 'தூக்காதீங்க' என்றுதான் சொல்வார். அதை 'தூக்காதீக' ஆக்கியது எங்கள் ஊர்ப் பிள்ளைகள். விழுந்த குழந்தையை எடுக்கத் தாய் ஓடினால் "தூக்காதீங்க". கட்டிலிலிருந்து எழும் கிழவருக்கு மகன் கை கொடுத்தால் "தூக்காதீங்க". பிசியோதெரபிஸ்ட் என்பது அவர் வேலைக்குப் பெயர். செயலிழந்த கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்து மறுபடி வேலை செய்ய வைப்பவர். வடக்கே பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காலிழந்த சிப்பாய்களை நடக்க வைத்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்தார். அந்த இங்கிலீஷ் வேலைப் பெயர் என் வாயில் கடைசி வரைக்கும் நுழையவில்லை, அது வேறு விஷயம்.

ஆளைப் பார்த்தால் தர்மம் செய்கிற முகம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெள்ளைக் கால்சட்டை, மடிப்புக் கலையாத சட்டை, பையில் சீப்பு. எந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தினாலும் என் கார்க் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலை வாரிக்கொள்வார். திருப்பியதைப் பழையபடி வைக்க மாட்டார். ஓட்டுகிறவன் நான், பின்னால் லாரி வருவது தெரியாமல் திண்டாடுவேன். நாய் என்றால் அப்படி ஒரு பயம். தெருவில் ஒரு சொறிநாய் படுத்திருந்தால் போதும், "காசிம் பாய், அதைக் கொஞ்சம் போகச் சொல்லுங்க" என்று காருக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார். நான் சொன்னால் அது கேட்குமா என்று முனகிக்கொண்டே இறங்கி விரட்டுவேன்.

பயிற்சி கொடுக்கும் நேரத்தில் அவர் கைகள் உருவும், மடக்கும், நீட்டும், ஓயாது. ஆனால் நோயாளி எழுந்து நிற்க வேண்டிய நேரம் வந்ததும் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கும். எதிரே நிற்கிறவர் தடுமாறினால் அந்தப் பிடி இறுகும். கை மட்டும் முன்னால் வராது. பக்கத்திலேயே பல வருஷம் நின்று பார்த்தவன் நான் சொல்கிறேன், வரவே வராது.

நான் ஒரு நகரத்தார் வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்து ஊர் திரும்பிய குடும்பம். வீட்டுப் பெரியவரை ஊரே அப்பச்சி என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவருக்கு வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவருக்காகத்தான் சாரைச் சம்பளம் பேசிக் கூட்டி வந்தார்கள். தங்க இடம், சாப்பாடு, போக வர கார் எல்லாம் வீட்டுப் பொறுப்பு.

அந்த வீட்டில் அப்பச்சியைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும். மரியாதை அப்படி. பெரியவர் தன் கையால் ஒரு செம்பை எடுத்துவிட்டால் வேலையாட்களுக்கு அவர் மனைவி ஆச்சியிடம் திட்டு விழும். வாதம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். சோற்றைப் பிசைந்து ஊட்டினார்கள். மூக்கைத் துடைத்துவிட்டார்கள். இடது கை நன்றாகத்தான் இருந்தது. அதுவும் வேலையில்லாமல் மடியில் கிடந்தது.

வந்த சில நாளில் சார் வேலையாட்கள் எல்லாரையும் வளவை விட்டு, அதாவது வீட்டின் உள்முற்றத்தை விட்டு, வெளியே அனுப்பினார். முற்றத்தைச் சுற்றி வரிசையாகத் தேக்குத் தூண்கள். இந்தக் கோடியில் நாற்காலியில் அப்பச்சி. அந்தக் கோடியில் ஒரு முக்காலி, அதன் மேல் வெள்ளித் தம்ளரில் தண்ணீர். டிரைவரை வேலையாள் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார் போல, நான் கதவோரம் நின்றேன்.

"தாகமா இருக்குப்பா. அந்தத் தண்ணியக் கொண்டா" என்றார் அப்பச்சி.

"அங்கதானுங்க இருக்குது. நீங்களே போய்க் குடிச்சுக்கங்க."

அப்பச்சி சிரித்தார். விளையாடுகிறார் என்று நினைத்திருப்பார். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏய் காசிமு!" என்று கத்தினார். நான் ஓர் அடி எடுத்து வைத்திருப்பேன், சார் திரும்பாமலேயே "தூக்காதீங்க பாய்" என்றார். நான் தூக்கவா போனேன்? தம்ளரை எடுக்கத்தான் போனேன். உள்கதவுக்குப் பின்னால் ஆச்சி அழ ஆரம்பித்தார். "இந்த மனுசனுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா? தண்ணி கேட்ட வாய்க்குத் தண்ணி குடுக்காம நிக்கிறாரே, இவரையா சம்பளம் குடுத்துக் கூட்டியாந்தீக?"

அப்பச்சி பர்மாப் பாஷையில் திட்டினார். பிறகு தமிழில் திட்டினார். திட்டித் தீர்ந்த பிறகு பக்கத்துத் தூணை இடது கையால் எட்டிப் பிடித்தார். எழுந்தார். காலை இழுத்து இழுத்து அடுத்த தூணுக்குப் போனார். அதற்கடுத்த தூண். நான் வேட்டி நுனியைக் கடித்துக்கொண்டு நின்றேன். முக்காலியை அடைந்து தம்ளரை எடுத்துக் குடித்தார். பாதி நெஞ்சில் சிந்தியது.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. பானைத் தண்ணி வச்சிருக்கக் கூடாதாக்கும்?" என்றார்.

"நாளைக்கு வெக்கறேனுங்க" என்றார் சார்.

அன்றைக்கு ஆச்சி சாரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஆனால் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, பணியாரம் கூட அனுப்பினார். வீட்டில் இருக்கிறவர் பட்டினி கிடக்கக்கூடாது, கோபம் தனி.

என் மகள் ஜெய்னம்புக்கு அப்போது ஐந்து வயது. இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வலது காலின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது. இளம்பிள்ளை வாதம். நாங்கள் போகாத தர்கா இல்லை, தேய்க்காத எண்ணெய் இல்லை. தவழ்ந்தே திரிந்ததில் முழங்கால் மடங்கியபடி இறுகிவிட்டது. நானும் என் மனைவி ரஹ்மத்தும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு திரிந்தோம். அதில் எங்களுக்குச் சலிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பெண் பிள்ளை வளர்ந்துகொண்டே வருகிறாள், நமக்கு வயசு ஏறிக்கொண்டே போகிறது, நாளைக்கு யார் தூக்குவார்கள் என்ற பயம் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வரும்.

கார் கொட்டகைக்குப் பக்கத்து அறையில்தான் எங்கள் குடித்தனம். ஒரு நாள் சார் காருக்கு வந்தபோது ஜெய்னம்பு கொட்டகை வாசலில் தவழ்ந்துகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் எடுப்பதற்குள் அவர் புழுதித் தரையில், அந்த வெள்ளைக் கால்சட்டையோடு, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம் கேட்டார்.

"உனக்கு எங்க போகணும்?"

"பள்ளிக்கூடத்துக்கு."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"அந்தா, மணி அடிக்குதுல்ல? அங்குட்டு."

அடுத்த தெருவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் அது. சார் உடனே என்னை அங்கே காரை விடச் சொன்னார். இறங்கிப் போய் வாசல் படிகளில் ஏறினார், இறங்கினார். கைப்பிடி இல்லாத படிகள். திரும்பி வந்து, "உயரமான படிங்க பாய். ரொம்ப நாளாகும்" என்றார். ஆகாது என்று சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரு மனிதர் ஆகாது என்று சொல்லாமல் இருந்தார். கண் கலங்கிப்போய் கியரை மாற்றிப் போட்டுவிட்டேன், வண்டி குலுங்கி நின்றது.

எல்லாரிடமும் அதே கேள்விதான் கேட்பார். எங்கே போகணும்? 'நடக்கணும் சார்' என்று சொன்னால் விட மாட்டார். நடந்து எங்கே என்பார். ஒருத்தி கோயிலுக்கு என்பாள். ஒருவர் ஊருணிக்கு என்பார். கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய மனிதர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சீட்டாடப் போகணும் என்றார். சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சீட்டுக் கச்சேரி நடக்கும் வீட்டு வாசற்படியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பயிற்சியை ஆரம்பித்தார்.

இப்படிப் பணக்கார வீடுகளுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தவர் ஏழைப் பிள்ளைகள் பக்கம் எப்படித் திரும்பினார் என்று பலரும் பல விதமாகச் சொல்வார்கள். கனவில் ஏசு வந்தார் என்று கூட ஒருவர் சொன்னார். அதெல்லாம் ஒன்றுமில்லை. என் கார் சூடாகி நின்றதுதான் காரணம்.

கண்டரமாணிக்கத்தில் ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழி. செங்கல் சூளை ஒன்றின் அருகே தண்ணீர் கேட்டு நிறுத்தினேன். அங்கே கருவேல மரத்தில் பழைய சேலையால் இடுப்பைக் கட்டி ஒரு பையனை உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு காலும் சூம்பியிருந்தன. தாய் தலையில் செங்கல் அடுக்கிச் சுமந்துகொண்டிருந்தாள். சார் கதவைத் திறந்து இறங்கிப் போனார். பையனுக்குப் பக்கத்தில் இரண்டு நாய்கள் படுத்திருந்ததை, அவர் அவற்றைத் தாண்டிப் போன பிறகுதான் நான் கவனித்தேன். அவரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"ஏம்மா கட்டி வச்சிருக்கீங்க?"

"அவுத்து விட்டா மண்ணு எடுத்த குழிக்குள்ள தவந்து போயிருவான் சார். எவ்வளவு நேரம் தூக்கிக்கிட்டு நிக்கிறது? நான் கல்லுச் சுமந்தாத்தானே கஞ்சி?"

திரும்பும்போது, ஊர் எல்லை வந்த பிறகு, சார் பெட்ரோல் விலை சொல்கிற குரலில் சொன்னார்: "அப்பச்சி வீட்ல தூக்கறதுக்கு எத்தனை பேர் இருக்காங்க பாருங்க பாய். நான் வராட்டியும் அவர் போக வேண்டிய இடத்துக்குப் போயிருப்பார். தூக்க ஆள் இல்லாத வீட்டுக்குத்தானுங்க நான் வேணும்."

மறுவாரமே அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க அப்பச்சியிடம் வளவைக் கேட்டார். அப்பச்சி அதற்குள் கைத்தடியோடு முகப்பு வரைக்கும் நடக்க ஆரம்பித்திருந்தார். அவர் தலையாட்டிவிட்டார். ஆனால் அந்த வீடு நான்கு பங்காளிகளுக்குப் பொது. "நாளைக்கு ஒரு கல்யாணம் காச்சின்னா இதே வளவுலதானே நடத்தணும்? கண்டவுகளும் வந்து உருண்டு பெரண்டா எப்படி?" என்றார்கள். சூளைப் பிள்ளைகள் என்ன சாதி என்பதுதான் விஷயம். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாயால் சொல்லவில்லை. சார் வாதாடவில்லை. "அப்ப கார் கொட்டகையைக் குடுங்க" என்றார். கொட்டகை அப்பச்சி தானாகக் கட்டியது, பங்காளிகளுக்கு அதில் பேச்சு இல்லை. என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. என் கார் வேப்பமரத்தடிக்குப் போனது. காக்கை எச்சத்தைத் துடைத்துத் துடைத்தே என் கை ஓய்ந்தது.

கொட்டகைக்குள் பிடித்து நடக்க இரண்டு மூங்கில்களை இடுப்பளவு உயரத்தில் நீளவாக்கில் கட்டினார். மணல் மூட்டைகள் வந்தன. கொல்லர் கால் அளவுக்கு இரும்புப் பட்டை அடித்தார், செருப்புத் தைப்பவர் அதற்கு வார் தைத்தார். பிள்ளைகள் அதை இரும்புக் கால் என்பார்கள். எல்லாம் இருந்தது. பிள்ளைகளைச் சூளையிலிருந்தும் கல்குவாரியிலிருந்தும் கொண்டு வருவது யார்?

இங்கேதான் சார் ஒரு வேலை செய்தார். அப்பச்சி நடந்த சேதி பரவி, பெரிய வீடுகளிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் தன் பீஸைச் சொல்வார். அதில் ஒரு பைசா குறைக்க மாட்டார், அவ்வளவு கறார். சொல்லி முடித்து, "அதோட உங்க கார் வாரத்துல ரெண்டு நாள் எனக்கு வேணுங்க" என்பார். ஊர் சுற்றக் கேட்கிறார் என்று நினைத்துச் சரி என்றுவிடுவார்கள். அந்தக் கார்கள் நேரே சூளைக்குப் போய் நிற்கும். கறுப்புக் காரும் பச்சைக் காருமாக எங்கள் தெருவில் வரிசைகட்டி நிற்க, உள்ளேயிருந்து செம்மண் அப்பிய பிள்ளைகள் இறங்கும். நடக்க முடியாத பிள்ளைகள் தவழ்ந்தே இறங்கிக் கொட்டகைக்குள் போகும். டிரைவர் கை கொடுக்கக் கூடாது. "காருல கூட்டியாந்து மண்ணுல தவள விடுறாரே, இது என்ன கூத்து?" என்று தெருவில் திட்டுவார்கள்.

டிரைவர்கள் நாங்கள் வேப்பமரத்தடியில் கூடிப் புலம்புவோம். "சீட்டைத் துடைச்சு மாளலப்பா" என்பார் கீழச்சிவல்பட்டி டிரைவர். அவர் முதலில் சீட்டின் மேல் சாக்கு விரித்துத்தான் பிள்ளைகளை உட்கார வைத்தார். சில மாதத்தில் சாக்கைக் காணோம். ஆரஞ்சு மிட்டாய் வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்.

ஜெய்னம்புக்குத்தான் முதல் இரும்புக் கால். முழங்காலை நீட்டவே பல மாதம் ஆனது. கட்டுப் போட்டு, அவிழ்த்து, கொஞ்சம் நீட்டி, மறுபடி கட்டு. வலியில் அவள் கத்துவாள், ரஹ்மத்து வீட்டுக்குள் காதைப் பொத்திக்கொள்வாள். ஒருமுறை மூங்கிலிலிருந்து நழுவி விழுந்து மூக்கில் ரத்தம் வந்தது. சார் கை பின்னால்தான் இருந்தது. "எந்திரிச்சு வா, துடைச்சு விடறேன்" என்றார். அவள் எழுந்து போன பிறகு தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

பள்ளியில் சேர்க்கிற வயது வந்தது. தலைமை ஆசிரியை அம்மா கண்டிப்பானவர். "இங்க பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் திரிய ஆள் கிடையாது. அதுவா படியேறி வந்தா சேத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டார். அப்போது ஜெய்னம்பு மூங்கிலை விட்டு நாலடி வைத்தால் பெரிய காரியம். சேதி ஆச்சி காதுக்குப் போனது. ஆச்சி என்னையும் ரஹ்மத்தையும் கூப்பிட்டனுப்பினார்.

"எதுக்குக் கலங்குறீக? நம்ம வள்ளி தெனமும் இடுப்புல தூக்கிட்டுப் போயி விட்டுட்டு, சாயங்காலம் கூட்டியாரட்டும். பிள்ளை படிக்கட்டும்."

வள்ளி அந்த வீட்டில் வேலை பார்த்த பெண். ரஹ்மத்து அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. போய்ச் சாரிடம் சொன்னால், மனிதர் ஒரே வார்த்தையில் "வேண்டாங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "உங்களுக்கென்ன சார், கல்யாணமா காட்சியா? பிள்ளை பெத்திருந்தாத்தானே தெரியும்!"

சார் சீப்பை எடுத்துத் தலை வாரினார். கோபம் வந்தால் அதுதான் செய்வார். "வள்ளிக்குக் காய்ச்சல் வந்தா?"

"நான் தூக்குவேன்."

"நீங்க கண்டரமாணிக்கத்துல இருந்தா?"

நான் தோள் துண்டை எடுத்து உதறினேன்.

"வள்ளி கல்யாணமாகிப் போயிட்டா? ஆச்சி மெட்ராசுக்கு மகன் வீட்டோட போயிட்டா? அன்னைக்கு உங்க மக எங்க உட்காருவா, பாய்? அடுத்த ஜூன் வரைக்கும் குடுங்க."

அடுத்த ஜூன்தான் கடைசி. அதற்கு மேல் வயது தாண்டிவிடும், ஒன்றாம் வகுப்பில் எடுக்க மாட்டேன் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார். ஆச்சியிடம் போய், வேண்டாம் என்று எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்த வருஷம் முழுக்க, காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கும்போதெல்லாம் ரஹ்மத்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்த மழைக்காலத்தில்தான் அந்தோணி வந்தான். கல்குவாரி வேலைக்காரர் மகன், பத்துப் பன்னிரண்டு வயது. மற்றப் பிள்ளைகளுக்குக் கால் குச்சியாக இருக்கும், இவனுக்குக் கெண்டைக்கால் கொழுகொழுவென்று இருந்தது. ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தன் முழங்காலில் கை ஊன்றி, தொடையில் கை ஊன்றி, தன் மேலேயே ஏறுகிற மாதிரி ஏறுவான். சார் அவனைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அடுத்த முறை அந்தோணி வந்த கார் நின்றபோது சார் தானே கதவருகே போனார். குனிந்து, இரண்டு கையாலும் அந்தப் பையனை வாரித் தூக்கினார். சட்டை முழுக்கச் செம்மண். கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் சிரித்தான். நான் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றேன். கொட்டகையில் இருந்த தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் தூக்கினார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன். "எம் மக மூக்குல ரத்தம் ஒழுகக் கெடந்தப்பக்கூட நீங்க கைய எடுக்கல. அந்தப் பயல மட்டும் ராசா மாதிரித் தூக்குறீக. அவன் என்ன ஒசத்தி?"

மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஜெய்னம்பு பக்கத்தில்தான் நின்றாள். சார் குரலைத் தாழ்த்தினார்.

"அவனுக்கு வந்திருக்கறது வாதம் இல்லைங்க. வாதம் ஒரு தடவை அடிச்சுட்டுப் போயிரும். மிச்சம் விட்டதை வெச்சு நாம வேலை பார்க்கலாம். இது போகாதுங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டே இருக்கும். அவன் எந்திரிக்க மாட்டான் பாய். தூக்கறதைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?" பிறகு சீப்பை எடுத்தார், வாராமலேயே பையில் வைத்தார். "உங்க மகளை நான் தூக்கற நாள் வரக் கூடாதுன்னு உங்க அல்லாகிட்டக் கேட்டுக்கங்க."

அந்தோணியிடமும் எங்கே போகணும் என்று கேட்டிருக்கிறார். காரில் முன்சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டு போகணும் என்றானாம். நான்தான் ஊரைச் சுற்றி ஓட்டினேன். வழியெல்லாம் ஹாரன். சும்மா போன மாடுகள் எல்லாம் மிரண்டு ஓடின. அவன் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினான். எனக்குச் சாலை மங்கலாகத் தெரிந்தது, கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். மாசி மாதம் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனான். சார் குவாரிக்குப் போய்விட்டு வந்து கொட்டகையில் மற்றப் பிள்ளைகளுக்குக் காலை நீட்டி மடக்கிவிட்டார். அந்தோணி ஏன் வரவில்லை என்று ஜெய்னம்பு கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

சார் எழுபதுகளின் கடைசி வரைக்கும் எங்கள் ஊரில்தான் இருந்தார். வீடு பாகம் பிரிந்து கொட்டகை கைமாறியதும், ஸ்டேஷன் பக்கம் ஓட்டுக் கட்டடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து நடத்தினார். வயதாகித் தங்கை வீட்டோடு போகும்போது விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தி, கொடைவள்ளல் என்று ஒருவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது மேடை ஓரமாக ஒரு நாய் ஏறி வந்தது. சார் பொன்னாடையோடு நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டார். நான்தான் போய் விரட்டினேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்த விழா முன்னால் வருவதில்லை. அந்த ஜூன் மாதக் காலைதான் வருகிறது.

ஜெய்னம்பு நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தாள். ரஹ்மத்து வரமாட்டேன் என்று தொழுகைப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். அப்பச்சி கைத்தடியோடு, ஒருவர் கையையும் பிடிக்காமல், தெரு திரும்பி நடந்தே வந்து காரில் சாய்ந்து நின்றார். படிகளின் உச்சியில் தலைமை ஆசிரியை. கீழே சார், கை இரண்டும் பின்னால். நான் அவருக்கு ஓரடி தள்ளி.

அவள் ஏறினாள். நல்ல காலை முதலில் வைப்பாள், பிறகு இரும்புக் காலை இழுத்துப் பக்கத்தில் வைப்பாள். நின்று மூச்சு விடுவாள். பாதிக்கு மேல் ஏறிவிட்டாள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அப்போது இரும்பின் நுனி கல்லில் வழுக்கியது. முகம் குப்புற விழுந்து, சரிந்து, இரண்டு மூன்று படி கீழே வந்து கிடந்தாள். மேலே பிள்ளைகள் வீலென்று கத்தின. தலைமை ஆசிரியை ஓர் அடி இறங்கினார். "யாராச்சும் தூக்குங்கப்பா!" என்று அப்பச்சி கூவினார்.

சார் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அதற்குள் என் வாயிலிருந்து வந்துவிட்டது. "தூக்காதீக! யாரும் தூக்காதீக!"

ஜெய்னம்பு அசையவில்லை. நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தப் பிடி தளர்ந்தது. வலது கை மெதுவாக முன்னால் வந்தது. பிறகு இடது கையும் வந்தது. அந்தோணிக்காகக் கார்க் கதவருகே நீண்ட அதே கைகள். அவர் ஒரு படி ஏறினார். யா அல்லா, எனக்கு உயிரே போய்விட்டது. முடிந்தது, இவ்வளவுதான் என் பிள்ளை என்று நினைத்தேன்.

அவள் தலையைத் திருப்பினாள். சாரைப் பார்த்தாள். அந்தக் கைகளைப் பார்த்தாள். உடனே உள்ளங்கையை ஊன்றினாள். இரும்புக் காலை வாரோடு பிடித்து இழுத்து மடக்கி, மேல்படியைப் பற்றி, உட்கார்ந்து, நின்றாள். மோவாயில் ரத்தம். துடைக்கவில்லை. ஏறினாள். கடைசிப் படி வரைக்கும் ஒரு தடவை கூட நிற்காமல் ஏறினாள்.

"உன் பேரு என்ன?" என்று தலைமை ஆசிரியை கேட்டது எனக்குக் கேட்டது. அதன்பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பச்சி என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். சார் கார்க் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் தலை வாரினார். வகிடு கோணலாக விழுந்தது.

சாயங்காலம் மகளைக் கூட்டி வரப் போனேன். கூடவே மெதுவாக நடந்தேன். அவள் இரும்புக் கால் கல்லில் டக் டக் என்று கேட்டது. மோவாயில் மருந்து போட்டுவிட்டிருந்தார்கள்.

"விழுந்தப்ப ரொம்ப வலிச்சுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"வலிச்சுச்சு அத்தா. கொஞ்ச நேரம் படுத்துக்கிட்டு அப்பறம் எந்திரிக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள சார் கைய நீட்டிக்கிட்டு வந்துட்டாரு. அந்தோணியத் தூக்குன மாதிரி என்னையும் தூக்கிருவாரோன்னு பயமாப் போச்சு. அதான் வெரசா எந்திரிச்சுட்டேன்."